எந்திரத்தின் மூச்சும் பட்டறைக்காரரின் காதும்

மனிதனுக்கு மூச்சு எப்படியோ, மோட்டார் எந்திரத்துக்கும் காற்று அப்படியே. கார் பெட்ரோலில் ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது குடிப்பதைவிட மூச்சு வாங்குவதே அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில், 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. காற்று கூடினால் எந்திரம் திணறும். குறைந்தால் கரும்புகை கக்கும். ஆகவே மோட்டார் காரின் வரலாறு என்பது, உள்ளே போகும் காற்றை அளக்க மனிதன் பட்ட பாட்டின் வரலாறே. அந்த வரலாற்றில் நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஒரு பக்கம் உண்டு. மாணவச் செல்வங்கள் அதை அறிந்துகொள்ள வேண்டும்.

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886ஆம் ஆண்டு ரயில் ஓடத் தொடங்கியது. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பின்னர் ரயில்வே குடியிருப்பாகவும் ஆனது. அங்கும் செந்தூல் ரயில் பட்டறையிலும் நம்மவர் பலர் இரும்போடு வாழ்ந்தனர். அக்காலத்தில் ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் விரிசல். காதே கருவி!

பிறகு மோட்டார் காலம் வந்தது. 1948இல் இங்கிலாந்தில் பிறந்த மோரிஸ் மைனர் கார் மலாயாச் சாலைகளிலும் பழக்கமான வண்டியாயிற்று. அதிலிருந்த எஸ்.யு. கார்புரேட்டர் ஓர் அழகான அமைப்பு. உள்ளே இழுக்கப்படும் காற்றுக்கு ஏற்ப ஒரு சிறு பிஸ்டன் மேலே எழும்பும். அதோடு சேர்ந்து எழும்பும் கூரிய ஊசி, பெட்ரோலுக்கு வழிவிடும். காற்றை அளப்பதும் அதுவே, பெட்ரோலை ஊற்றுவதும் அதுவே. மெக்கானிக் அந்தப் பிஸ்டனைச் சற்றே தூக்கிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். எந்திரத்தின் வேகம் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம். நின்றுவிடப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு நொடி கூடிப் பிறகு அடங்கினால் சரி. இதற்கு மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம்.

ஜெர்மனியின் போஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு எரிபொருள் தெளிப்பு முறையை 1967இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே 1967இல்தான் ஷா ஆலாம், பத்து தீகாவில் வோல்வோ கார்களைப் பூட்டும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 1970களில் போஷ் செய்த எல்-ஜெட்ரானிக் முறையில் காற்று வழியிலே ஒரு கதவு இருந்தது. காற்று அதைத் தள்ளும் அளவை மின்சாரம் கணினிப் பெட்டிக்குச் சொல்லும். யோசித்துப் பார்த்தால், அது அந்த எஸ்.யு. பிஸ்டனின் தம்பிதான்! 1980களின் தொடக்கத்தில் கதவும் போய், சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பி வந்தது. ஓடும் காற்று கம்பியைக் குளிர வைக்கும். சூட்டைக் குறையாமல் காக்க எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கிறதோ, அதுவே காற்றின் அளவு. ஊதிக் குடிக்கும் தேநீரில் நாம் தினமும் காணும் தத்துவம்தான் இது.

நம் நாட்டில் 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் தொடக்கத்தில் கார்புரேட்டர் வண்டிகளே. ஆயினும் 1990களில் தெளிப்பு முறை மெல்ல மெல்லப் பரவியது. கையால் திருகிச் சரிசெய்த திருகாணிகள் மறைந்தன. காதை மட்டும் நம்பிய பல மூத்த பட்டறைக்காரர்கள் திகைத்து நின்றார்கள்.

புதிய வண்டியில் முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று, திராட்டில் என்னும் காற்று வாய். பெடலை மிதிக்கும்போது அங்குள்ள தட்டு திறக்கும். எவ்வளவு திறந்தது என்பதை அதன் சென்சர் சொல்லும். பல வண்டிகளில் மூடியிருக்கையில் சுமார் அரை வோல்ட், முழுதும் திறந்தால் சுமார் 4.5 வோல்ட். தட்டை மெதுவாகத் திறக்கும்போது வோல்ட் சீராக ஏற வேண்டும். நடுவில் சடக்கென்று விழுந்தால் சென்சரின் உள்தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். தட்டைச் சுற்றிக் கரி படிந்தாலும் வண்டி நிற்கும்போது எந்திரம் தடுமாறும். அதற்குத் துடைத்தாலே போதும். மற்றொன்று, காற்றோட்ட சென்சர். அதன் கம்பியில் தூசி படிந்தால் வரும் காற்றைக் குறைத்துச் சொல்லும். அதற்கென்றே உள்ள தெளிப்பானால் கழுவ வேண்டும். துணியோ விரலோ படக்கூடாது.

இதை நான் தெரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் வேன் ஒருமுறை சிக்னலுக்குச் சிக்னல் நின்றுபோனது. ஒரு பட்டறையில் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். பி 0171, அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று வந்தது. காற்றோட்ட சென்சரை மாற்றினார்கள். மறுநாளே பழைய கதை. பிறகு திராட்டில் சென்சரையும் மாற்றினார்கள். வேன்காரரின் பாதி மாத வருமானம் போனதுதான் மிச்சம். நான்கு நாள் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வரவில்லை.

கடைசியில் பிரிக்பீல்ட்ஸ் பின்சந்தில் ஒரு பெரியவரிடம் போனோம். அவரும் அதே மாதிரிக் கருவியைத்தான் மாட்டினார். ஆனால், குறியீட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வண்டி சும்மா நிற்கும்போது கணினி கூடுதலாக ஊற்றும் பெட்ரோல் எவ்வளவு, வேகம் கூட்டினால் எவ்வளவு என்று பார்த்தார். நிற்கும்போது மிக அதிகம், கூட்டினால் குறைகிறது. உடனே சிரித்தார்.

“வாத்தியாரே, பெட்டி சொல்றது பொய் இல்லீங்க. ஆனா எங்க வலிக்குதுன்னுதான் அது சொல்லும், ஏன் வலிக்குதுன்னு நாமதான் பாக்கணும். கணக்குல வராத காத்து எங்கேயோ உள்ள போவுது.”

சென்சருக்கும் திராட்டிலுக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாயை வளைத்துக் காட்டினார். அடிமடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல்! சென்சரைத் தாண்டியபின் நுழையும் காற்றைச் சென்சர் எப்படி எண்ணும்? வண்டி நிற்கும்போது தேவையான காற்றே கொஞ்சம்தான். அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரும்பங்கு. ஓடும்போது அது சிறு பங்காகிவிடும். ரப்பர்க் குழாயை மாற்றியதும் வேன் ஓடியது. பழைய இரண்டு சென்சர்களிலும் ஒரு குற்றமும் இல்லை.

அந்தப் பெரியவர் கார்புரேட்டர் காலத்தில் தொழில் பழகியவர். காதை விடவுமில்லை, கருவியை வெறுக்கவுமில்லை. அறுபது வயதுக்கு மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு கையேடு படிக்கக் கற்றவர். நோயைக் கண்டவுடன் மருந்துக்கு ஓடாமல் அதன் மூலத்தைத் தேடச் சொன்ன வள்ளுவரின் வழி, அந்தப் பின்சந்துப் பட்டறையிலே வாழ்கிறது.

இன்று பரிசு பெறும் செல்வங்களே, பெறாத செல்வங்களே! மதிப்பெண் அட்டையில் விழும் சிவப்புக் கோடும் ஓர் எச்சரிக்கை விளக்குதான். அதைக் கண்டு பிள்ளையைக் குறைசொல்வது, நல்ல சென்சரைக் கழற்றி எறிவது போன்றது. கிழிசல் வீட்டில் இருக்கலாம், பசியில் இருக்கலாம், எங்கள் பாடம் நடத்தும் முறையிலும் இருக்கலாம். தேடிப் பார்ப்பது பெற்றோர், ஆசிரியர் கடமை. உங்கள் கடமையோ, கையும் காதும் பழகுவதோடு நூலையும் பழகுவது. ஆணாயினும் பெண்ணாயினும் பட்டறைத் தொழிலை இழிவென்று எண்ணாதீர்கள். காரணம் தேடும் அறிவு எங்கிருந்தாலும் அது கல்வியே.

வாழ்க மாணவர் சமுதாயம்! வளர்க தமிழ்ப்பள்ளிகள்!