தலைவரை நினைவுகூர்தல்: ஒரு நினைவு மலருக்கு எழுதாமல் விட்ட இரண்டு பக்கங்கள்

லா சப்பலில் இயங்கும் ஒரு விளையாட்டுக் கழகத்தினர், மறைந்துபோன தமது தலைவருக்கு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். இருபது வருடங்களுக்கு மேலாக அவர்தான் தலைவர். எனக்கும் பழக்கமானவர் என்பதால் என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார்கள். கேட்டு வந்த இளைஞர் கார் து நோருக்குப் பின்னால் உள்ள தேநீர்க் கடையில் வைத்துச் சொன்னார்: "அண்ணை, பழைய பிரச்சினையள் ஒண்டும் வேண்டாம். அந்தாளின்ர நல்லதுகளை மட்டும் எழுதித் தாங்கோ." ஓமென்று சொல்லிவிட்டேன். எழுதக் குந்தியபோது வந்தது வேறு.

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட்டுக் கொடுத்து வந்த சமூகம் எமது. கல்வெட்டுகளின்படி யாழ்ப்பாணத்தில் கெட்ட மனிதர் எவரும் இறந்ததில்லை. அதன் பிள்ளைதான் இந்த நினைவு மலர். புகலிடத்தில் எமது கழகங்களின் வரலாறு என்று எழுத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் இம்மலர்களே என்பதால், இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை.

பிரான்சில் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கம் அமைப்பது எளிய காரியம். வெளிநாட்டவருக்கு அது எப்போதும் எளிதாக இருக்கவில்லை. 1939 ஏப்ரலில் வந்த ஆணையொன்று, வெளிநாட்டவர் சங்கம் அமைப்பதானால் உள்துறை அமைச்சின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும் என்றது. ஸ்பெயினிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் அகதிகள் வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஆணை நீங்கியது 1981 ஒக்ரோபரில்தான். 1983 ஆடிக்குப் பின் இங்கு வந்து குவிந்த நாம், அந்தக் கதவு திறந்து அதிக காலம் ஆகாத நிலையில் உள்ளே நுழைந்தவர்கள். ஊர்ப் பெயரிலும் பாடசாலைப் பெயரிலும் எம்மால் இத்தனை கழகங்களைப் பதிய முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

பதிவதற்கு ஒரு தலைவர் வேண்டும். விசா உள்ளவர், நாலு வசனம் பிரெஞ்சு பேசக்கூடியவர் தலைவரானார். மைதானம் கேட்டு மாநகரசபைக்குப் போனவரும், உடுப்புகளைத் தன் வீட்டிலேயே தோய்த்துக் காயவிட்டவரும், பொலிஸ் பிடித்த பெடியனைத் தேடி இரவில் அலைந்தவரும் அவர்தான். இவற்றை நான் மறுக்கவில்லை, மலரில் வர வேண்டியவைதான். ஆனால் அக்காலத்தில் எமக்கு வெறுமனே 'தலைவர்' என்றால் அது இன்னொருவரைக் குறித்தது. கழகத் தலைவரை 'கழகத் தலைவர்' என்றே முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெரிய சொல்லின் நிழல் இந்தச் சிறிய சொல்லின் மீதும் விழுந்தே கிடந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அக்கழகத்தின் உறுப்பினர் பட்டியலில் ஒரு பெயர் சிவப்பு மையால் வெட்டப்பட்டது. நல்ல பின்கள ஆட்டக்காரர். முன்னர் வேறொரு இயக்கத்தில் இருந்தவர், இதுபோன்ற ஒரு சஞ்சிகையில் எழுதியும் இருந்தார். கூட்டத்தில் எவரும் வாக்களிக்கவில்லை, எவரும் மறுக்கவுமில்லை. தலைவர் பேனையை எடுத்தார். நானும் அக்கூட்டத்தில் இருந்தேன், நானும் வாய் திறக்கவில்லை.

ஒரு கழகத்தின் நினைவு என்பது யாருடையது என்ற கேள்விக்கு, லா சப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு விடை இருக்கிறது. சென்-துவானில் பவர் மைதானத்தைத் தாயகமாகக் கொண்ட றெட் ஸ்டார் கழகம் 1897இல் ஜூல் றிமேயும் நண்பர்களும் தொடங்கியது. பின்னாளில் 33 வருடங்கள் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த அதே றிமே. ஆனால் அங்குள்ள இரசிகர்கள் பதாகையில் ஏந்தி வருவது அவரையல்ல, ரினோ டெல்லா நேக்ராவை. இத்தாலியக் குடியேறிகளின் மகனான அவர் 1943இல் அக்கழகத்தில் சேர்ந்தவர். ஆர்மேனிய அகதியான மனுஷியானின் குழுவோடு நின்று ஆயுதமேந்தியமைக்காக 1944 பெப்ரவரி 21 அன்று மொன்-வலேரியனில் சுடப்பட்டபோது வயது இருபது. தமது நினைவுக்குரியவரை அந்த இரசிகர்கள் தாமே தெரிந்தெடுத்தார்கள்.

டெல்லா நேக்ரா ஆட்டக்காரர். தலைவர் ஒருவரை இவ்வாறு தேடி எடுத்த கதைக்கு மியூனிக் போக வேண்டும். பயேர்ன் மியூனிக் என்றதும் பணமும் கிண்ணங்களுமே எமக்கு ஞாபகம் வரும். அக்கழகத்தை எழுப்பிய கூர்ட் லாண்டவர் ஒரு யூதர், ஒரு அகதி என்பது ஜேர்மனியிலேயே நெடுங்காலம் பலருக்குத் தெரியாதிருந்தது.

1884இல் வணிகக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1913இல் முதன்முறை தலைவரானார். முதலாம் உலகப் போரில் ஜேர்மன் படையில் நின்றுவிட்டு வந்து, 1919 தொடக்கம் ஒரு சிறு இடைவெளி தவிர 1933 வரை அவரே தலைவர். பண்டிதர்கள் தூய அமெச்சூர் விளையாட்டைப் போற்றிய காலத்தில் வெளிநாட்டு அணிகளை அழைத்தார், இளையோர் அணிகளை வளர்த்தார், தொழில்முறைப் பயிற்சியாளரைக் கொண்டுவந்தார். 1932 ஜூன் 12 அன்று நூர்ன்பேர்க்கில் பிராங்க்பேர்ட் அணியை 2-0 என வென்று பயேர்ன் முதன்முறையாக ஜேர்மன் சம்பியன் ஆயிற்று. பயிற்சியாளர் டொம்பியும் யூதரே. ஒன்பது மாதங்கள்தான். ஹிற்லர் ஆட்சிக்கு வந்தபின் 1933 மார்ச் 22 அன்று லாண்டவர் பதவி விலகினார். பத்திரிகை நிறுவனத்தில் பார்த்த வேலையும் போயிற்று.

1938 நவம்பரில் யூத ஆலயங்கள் எரிக்கப்பட்டதற்கு மறுநாள் அவரைப் பிடித்து டாஹவ் முகாமில் அடைத்தார்கள். முன்னாள் போர்வீரர் என்பதால் 33 நாட்களில் வெளியே விட்டார்கள். 1939இல் ஜெனீவாவுக்குத் தப்பினார். தப்பாத உடன்பிறந்தோரில் நால்வர் கொல்லப்பட்டனர். போர்க்காலத்தில் பயேர்ன் அணி சுவிசுக்கு ஆடப் போனபோது, பார்வையாளர் வரிசையில் இருந்த பழைய தலைவருக்கு வீரர்கள் கையசைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. சொல்பவருக்குச் சொல்பவர் ஆண்டும் நகரும் மாறும். எல்லாருக்கும் பிடித்த கதைகள் அப்படித்தான் நடமாடுகின்றன.

என்னைப் பிடித்து உலுக்குவது 1947. அவர் திரும்பிப் போனார். தன் உடன்பிறந்தோரைக் கொன்ற நாட்டுக்கு, தன்னை அடைத்த முகாமுக்குப் பக்கத்து நகருக்கு, இடிந்துகிடந்த மியூனிக்குக்கு. அதே கழகம் அவரை மறுபடி தலைவராக்கியது. இன்றும் கழகத்தின் இருப்பிடமான சேபனர் வீதி மைதானம் அக்காலத்தில் கிடைத்தது. 1951இல் தேர்தலில் தோற்றார். 1961இல் இறந்தார். வெறும் பக்தியில் திரும்பினார் என்று என்னால் நம்ப முடியவில்லை. தன்னுடையதைத் தன்னுடையது என்று போய் நின்று சொல்லும் பிடிவாதமும் அதில் இருந்திருக்கும். திரும்புதலைப் பற்றி வருடக்கணக்காக விவாதித்தவர்கள் நாம். இப்படியொரு திரும்புதல் எமது கட்டுரைகளில் வந்ததில்லை.

பிறகு மறதி. கழகம் பல தசாப்தங்களாக அவரைப் பற்றிப் பேச விரும்பவில்லை. பேச வைத்தவர்களில் முதன்மையானோர் நிர்வாகிகள் அல்லர். பொலிசோடு அடிக்கடி மல்லுக்கு நிற்பவர்கள் என்று பேரெடுத்த, 'ஷிக்கேரியா' என்னும் தீவிர இரசிகர் குழுவினர். 2006 முதல் அவர் பெயரில் இனவாத எதிர்ப்புச் சுற்றுப்போட்டி நடத்தினார்கள். 2009இல் அவரது 125ஆவது பிறந்த நாளுக்கு டாஹவ் முகாமின் தேவாலயத்தில் நினைவுகூரல் நடந்தபோது கழகத்தின் உயர்பீடமும் வந்திருந்தது. 2011இல் சூல்ற்ச-மார்மெலிங் பயேர்னின் யூதர்களைப் பற்றி நூல் எழுதினார். 2013இல் லாண்டவர் மறைவுக்குப் பிந்திய கௌரவத் தலைவரானார். மறு வருடம், அவுஸ்விற்சில் கொல்லப்பட்ட தேசிய அணி வீரர் ஜூலியஸ் ஹிர்ஷின் பெயரிலான பரிசை ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம் இந்த இரசிகர்களுக்கே வழங்கியது.

கதை இதோடு முடிந்திருந்தால் இதுவும் ஒரு கல்வெட்டுத்தான். நாசிகளுக்கு வளைந்துகொடுக்காத யூதக் கழகம் என்ற பிம்பம் மெல்ல வளர்ந்துவந்தது. 2016இல் ஹேர்சொக் என்னும் வரலாற்றாசிரியர் ஆவணங்களோடு அதை மறுத்தார். 1933 ஏப்ரலிலேயே யூதர்களை அகற்ற உடன்படுவதாக அறிவித்த தென்ஜேர்மன் கழகங்களில் பயேர்னும் ஒன்று. 1935இன் விதிகளில் யூதர்களுக்கு உறுப்புரிமை மறுக்கப்பட்டது. முதல் சம்பியன் பட்டத்தைத் தந்தவருக்குத் தன் சொந்தக் கழகத்திலேயே இடமில்லாமற் போயிற்று. அதன்பின் கழகம், தன் நாசிக் காலத்தை ஆராயும்படி மியூனிக்கின் சமகால வரலாற்று நிறுவகத்தைத் தானே கேட்டுக்கொண்டது. ஆய்வு நூலாகவும் வந்துவிட்டது. லாண்டவரின் சிலையை எவரும் பிடுங்கவில்லை. அவர் இன்னும் தெளிவாகத் தெரிகிறார், அவ்வளவுதான்.

ஜேர்மனியில் நடந்ததையும் எமது கழகத்தில் நடந்ததையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. அங்கே ஒரு இனமே அழிக்கப்பட்டது. இங்கே ஒருவர் பந்தாட்டத்தை விட்டார், வேறு ஆட்களோடு பழகத் தொடங்கினார். ஆனாலும் பட்டியலில் கோடு கீறும் கையின் அசைவு எனக்குப் பரிச்சயமானது. கோடுகளை மறைப்பதிலும் நாம் கெட்டிக்காரர். யாழ்ப்பாணத்தில் துரையப்பா அரங்கில் ஆடினோம், ஆட்டம் பார்த்தோம். 1975 யூலை 27 அன்று பொன்னாலைக் கோயில் வாசலில் சுடப்பட்ட அந்த மேயரின் பெயரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உச்சரித்தோம். அவரைச் சுட்டது சரியா என்று அந்தப் படிக்கட்டுகளில் இருந்து நாம் ஒருநாளும் பேசவில்லை. பெயர் இருந்தது, மனிதர் இல்லை.

போன ஞாயிறு அந்த இளைஞர் தொலைபேசி எடுத்தார். மலர் அச்சுக்குப் போகப் போகிறதாம். எனக்கு ஒதுக்கிய இரண்டு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறதாம். நான் சொன்னேன்: தலைவர் உடுப்புத் தோய்த்ததையும் எழுதுகிறேன், சிவப்பு மையையும் எழுதுகிறேன், அன்று நான் பேசாமல் இருந்ததையும் எழுதுகிறேன். வெட்டப்பட்டவரும் சவ அடக்கத்துக்கு வந்து பின்வரிசையில் நின்றார், அவரிடமும் ஒரு பக்கம் கேளுங்கள்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "அவர் எங்கட ரீமுக்கு ஆடினவரோ அண்ணை? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." கமிட்டியிடம் கதைத்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். வைக்க முதல், அவருடைய இலக்கம் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன்.