பூட்டும் தம்மும்

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூட்டு. அப்புறம், பிரியாணி. ஒன்றுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. இன்னொன்றுக்கு எந்தக் குறியீடும் தேவையில்லை, வாசனையே போதும்! இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இறுக்க மூடுவதில்தான் இருக்கிறது தொழில் ரகசியம். அந்த மூடுகிற புத்தியை நம்மவர்கள் ரேடியோவிடமும் டி.வி-யிடமும் காட்டியபோது என்ன ஆனது என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் வால்வு ரேடியோ. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் வந்துவிட்டன. மதுரை, திண்டுக்கல் பக்கம் வசதியான வீடுகளில் ரேடியோப் பெட்டிகள் ஏறி உட்கார்ந்தன. தேக்குப் பலகையும் வார்னிஷுமாகப் பெட்டி பளபளக்கும். அதை ஆன் செய்தால் உடனே பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெள்ளச் சிவந்து சூடேறின பிறகுதான் குரல் வரும். அந்த வால்வின் நடுவில் இருக்கிற 'கேத்தோடு' 700 டிகிரிக்கு மேல் சூடானால்தான் எலெக்ட்ரான்களை வெளியே விடும். ஆக, நம் தாத்தா நாற்பது ஐம்பது வாட் மின்சாரம் கொடுத்து வாங்கியதில் பாட்டு கொஞ்சம், சூடுதான் அதிகம்!

தயாரித்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் பின்பக்கம் மட்டும் ஓட்டை போட்ட அட்டை. நாம் என்ன செய்தோம்? பெட்டியைச் சுவரோடு ஒட்டிவைத்தோம். மேலே பூவேலை செய்த துணியைப் போர்த்தினோம். பல்லி, கரப்பான் நுழையுதே என்று ஓட்டைகளில் காகிதம் ஒட்டிய புண்ணியவான்களும் உண்டு.

(வால்வு சூடு நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. 1946-ல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட 'எனியாக்' கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகள், 150 கிலோவாட் மின்சாரம். அதைக் குளிரவைக்கவே பெரிய பெரிய ஊதுவிசிறிகள் வைத்தார்கள். 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதன் பிறகுதான் ரேடியோ சட்டைப் பைக்குள் போகும் அளவுக்குக் குளிர்ந்தது.)

அடுத்து டி.வி. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. தென்மாவட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்ததும் மொட்டைமாடியில் மூங்கில் நட்டு ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பினார்கள். பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷன் கோபுரம் எழும்ப, திண்டுக்கல் சமவெளியில் வீட்டுக்கு வீடு படம் தெரிந்தது.

அந்தக் கால சாலிடேர், டயனோரா பெட்டிகள் ஞாபகம் இருக்கிறதா? மரப்பெட்டி. முன்னால் இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற ஷட்டர் கதவு. அதற்கொரு சாவி! படம் முடிந்ததும் சுடச்சுடப் பெட்டியை மூடிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார் வீட்டுப் பெரியவர். உள்ளே? சந்தேகமே வேண்டாம்... தம்!

இதில் ஒரு சின்ன விஞ்ஞானம். டி.வி-க்குள் இருக்கும் 'எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்' என்ற சமாசாரத்துக்கு உள்ளே ஈரமான ரசாயனம் இருக்கிறது. சூட்டில் அது மெள்ள உலரும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் வாய்ப்பாடு. வெளியே திண்டுக்கல் வெயில் 38 டிகிரி, மூடிய பெட்டிக்குள் இன்னும் இருபது கூட என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

90-களில் ஷோகேஸ் மோகம் வந்தது. 2006 செப்டம்பரில் அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்து, ஒன்றரைக் கோடிக்கும் மேல் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. சின்ன வீடுகளில் அவற்றுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் சுவர் அலமாரிதான். இன்று டி.வி. ஒல்லியாகிச் சுவரில் தொங்குகிறது. ஆனால் அதன் கீழே கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிக்குள் செட்-டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர், வைஃபை ரௌட்டர் எல்லாம் ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. இரவு கையை வைத்துப் பாருங்கள், தோசைக்கல்!

திண்டுக்கல்லில் என் மாமா வீட்டு ஷோகேஸ் டி.வி. இரண்டு கோடையில் மூன்று தடவை படுத்தது. வாங்கிய கடையில், "கரன்ட் ஏறி இறங்குதுங்க" என்று சொல்லி ஸ்டெபிலைசர் விற்றார்கள். அதுவும் ஷோகேஸுக்குள்ளேயே போய் உட்கார்ந்து தன் பங்குக்குச் சூடேற்றியது! நாலாவது தடவை வந்தவர் ஒரு வயசான மெக்கானிக். செட்டைத் திறக்கவே இல்லை. ஷோகேஸின் மேல் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, வீட்ல அரிக்கேன் விளக்கு இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

இருந்தது. ஏற்றச் சொன்னார். பிறகு திரிக்குக் கீழே காற்று போகும் சின்ன ஓட்டைகளை ஈரத்துணியால் சுற்றி அடைத்தார். மேலே புகை போகிற வழி திறந்துதான் இருந்தது. ஆனாலும் சுடர் கறுத்து, சுருங்கி, அணைந்தே போயிற்று. "மேல தொறந்து மட்டும் போதாது. கீழருந்து குளிர்ந்த காத்து வந்தாத்தான் சூடு மேல போவும். ரெண்டு வாசல் வேணும்ணே" என்றார் மாமாவைப் பார்த்து.

மாமா பதில் பேசவில்லை. அந்த ஷோகேஸுக்காக ஒரு மாதச் சம்பளத்தை ஆசாரியிடம் கொடுத்திருந்தார். ரம்பம் கேட்டபோது அத்தை உள்ளே போய்விட்டார். பின்பலகையில் அடியில் ஒரு சதுரம், உச்சியில் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று. பெட்டியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிவைத்தார். கூலி இருபது ரூபாய். ஸ்டெபிலைசரை வெளியே எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்த டி.வி. ஒன்பது கோடையைப் பார்த்தது. ஓட்டை வழியாகப் பல்லி வந்தது வாஸ்தவம்தான். மாமா கொசுவலைக் கம்பியை வெட்டி ஆணி அடித்தார்.