இலவச மென்பொருளும் ஒரு விலைச் சஞ்சிகையும்

எவரும் காசின்றிப் பெற்றுக்கொள்ளக்கூடிய ஒரு பொருளைப் பற்றிக் காசு கொடுத்து வாசிக்க யார் வருவார்? 1994 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து 'லினக்ஸ் ஜேர்னல்' வெளிவந்தபோது அதனைத் தொடங்கியோர் முன்னிருந்த வினா இதுதான். லினக்ஸ் இயங்குதளத்தின் 1.0 பதிப்பு வெளியானதும் அதே மாதத்திலேயே.

தொடங்கியோர் இருவர். யுனிக்ஸ் பயனர்களுக்கான குறிப்பட்டைகளை அச்சிட்டு விற்றுவந்த பில் ஹியூஸ் ஒருவர். மற்றவர் கனடியரான பொப் யங். முதல் இதழில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் நேர்காணல் இடம்பெற்றது. அப்போது அவருக்கு வயது 24. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்.

யங் சஞ்சிகையில் நெடுநாள் தங்கவில்லை. எழுதுவதைவிட விற்பதே அவருக்குக் கைவந்த கலை. 1995இல் மார்க் யூவிங்குடன் தொழிலை இணைத்து 'ரெட் ஹற்' நிறுவனத்தை வளர்த்தார். 1999 ஓகஸ்டில் அது பங்குச் சந்தைக்கு வந்தது. 2019இல் ஐ.பி.எம். அதனை 3,400 கோடி டொலருக்கு வாங்கியது.

அதே 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆந் திகதி லினக்ஸ் ஜேர்னலின் பணியாளர் அனைவரும் வேலையிழந்தனர். லினக்ஸை விற்றவர்கள் செழித்தார்கள். அதைப் பற்றி எழுதியவர்கள் நலிந்தார்கள். பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இராது.

வீழ்ச்சி ஒரே நாளில் நேர்ந்ததன்று. 2011இல் அச்சுப் பதிப்பு நின்றது. 2017 டிசெம்பர் 1ஆந் திகதி பணம் தீர்ந்துவிட்டதென அறிவித்து விடைபெற்றனர். ஒரு மாதத்தினுள் லண்டன் டிரஸ்ட் மீடியா என்ற நிறுவனம் கைகொடுக்க, சஞ்சிகை மீண்டெழுந்தது.

மூத்த எழுத்தாளர் டொக் சேர்ல்ஸ் ஆசிரியப் பொறுப்பை ஏற்றது அப்போதுதான். வாசகரின் ஒவ்வொரு நகர்வையும் பின்தொடர்ந்து உளவறியும் விளம்பரங்களில் தங்கியிருப்பதை இணைய இதழ்கள் கைவிட வேண்டுமென 2018இல் அவர் எழுதினார். காசுக்கு அல்லாடும் சஞ்சிகையொன்று, காசு வரக்கூடிய வழியொன்றையே கண்டித்தது! இதனை விவேகமற்ற செயலென்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. மூலநிரலைத் திறந்து காட்டுக என்று கால் நூற்றாண்டாக எழுதியவர்கள், தம் வாசகரை மறைவாக வேவு பார்க்கச் சம்மதித்திருந்தால் அவர்களிடம் சொல்வதற்கு எஞ்சியிருப்பது என்ன?

நெறி நின்றது, வருவாய் வரவில்லை. இறுதியில் சந்தாதாரர்களுக்கு அவர்கள் கையளித்தது பழைய இதழ்களின் முழுத் தொகுப்பை. 2020 செப்டெம்பரில் ஸ்லாஷ்டொட் மீடியா சஞ்சிகையின் பெயரைப் பொறுப்பேற்க, அத்தளத்தில் மீண்டும் கட்டுரைகள் வரத் தொடங்கின.