குடத்துக்கு வரியா, தண்ணிக்கு வரியா?

கம்ப்யூட்டர்ல டிவி பார்க்க லைசென்ஸ் வாங்கணுமா? சென்னையில இருக்கிற உங்ககிட்ட இதைக் கேட்டா சிரிப்பீங்க. டிவிக்கே லைசென்ஸ் கிடையாது, கம்ப்யூட்டருக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்பீங்க. ஆனா லண்டன்ல இருக்கிற தமிழர்கள் சிரிக்க மாட்டாங்க. நாற்பது, நாற்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி உத்திரமேரூர்ல கேட்டிருந்தாலும் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

எங்கள் தாத்தா வீட்டில் வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. அதோடு கூடவே ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. அதுதான் ரேடியோ லைசென்ஸ். வருஷா வருஷம் தபாலாபீசில் 15 ரூபாய் கட்டி, அந்தப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை குத்தி வாங்கி வரவேண்டும். பிறகு டிவி வந்தபோது அதற்கு 50 ரூபாய். பெட்டி இருந்து புத்தகம் இல்லை என்றால் அபராதம். பெட்டியையே தூக்கிக்கிட்டுப் போகவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. சோதனைக்கு ஆள் வர்றாங்கன்னு சேதி வந்தா ரேடியோ நெல் குதிருக்குள்ள போயிடும்னு எங்க பக்கத்துப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

ரேடியோவில் பேசுவதற்குச் செலவு உண்டு. கேட்கிறவரிடம் காசு வாங்கத்தான் வழி தெரியவில்லை. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் சென்னையில் ஒலிபரப்பு தொடங்கியது. பணமில்லாமல் 1927-இல் அது நின்றது. அதே வருஷம் பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் கிளம்பியது. ரேடியோ வைத்திருப்பவர் வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்டவேண்டும். அதில் எண்பது சதவீதம் கம்பெனிக்கு. கணக்கு நல்லாத்தான் இருந்தது. ஆனால் லைசென்ஸ் எடுத்தவர்கள் நாடு முழுக்க எட்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. லைசென்ஸ் இல்லாமல் கேட்டவர்களும் இருந்தார்கள். 1930-இல் கம்பெனி மூடப்பட்டது, ஒலிபரப்பு அரசாங்கத்தின் கைக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் பிரிட்டிஷ் அரசு பிடியை இறுக்கியது. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டம், கருவியை நிறுவி இயக்குவதற்கு லைசென்ஸ் கேட்டது. 1933-இல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஒரு படி மேலே போனது. கருவியை வைத்திருந்தாலே குற்றம். முதல் தடவை 100 ரூபாய் வரை அபராதம், மறுபடி மாட்டினால் 250 வரை. நீங்க பாட்டு கேட்டீங்களா இல்லையாங்கிற கேள்வியே இல்லை. பெட்டி வீட்டில் இருக்கா, அது போதும்.

எங்களுடையது ஏரிப்பாசன ஊர். அதனால் எனக்கு இது இப்படித்தான் புரிகிறது. ஏரியைப் பராமரிக்கக் காசு வேண்டும், வாஸ்தவம். அதை வாங்க மூன்று வழி உண்டு. ஒண்ணு, வீடு வீடா நுழைஞ்சு எத்தனை குடம் இருக்குன்னு எண்ணி, குடத்துக்கு வரி போடுறது. ரெண்டாவது, யார் தண்ணி எடுக்கிறாங்களோ அவங்ககிட்ட வாங்குறது. மூணாவது, ஆயக்கட்டில் இருக்கிற எல்லார்கிட்டயும் வாங்குறது, நீ பாய்ச்சினாலும் சரி, பாய்ச்சாட்டியும் சரி. 1933 சட்டம் போட்டது குடத்து வரி.

குடத்து வரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. குடம் மாறிக்கொண்டே இருக்கும். அலமாரி மாதிரி இருந்த வால்வு செட் சட்டைப்பை டிரான்சிஸ்டர் ஆனது. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னை தூர்தர்ஷன் தொடங்கிய பிறகு டிவி வந்தது. களத்து மேட்டில், டீக்கடையில், லாரியில் என்று ரேடியோ போகாத இடமில்லை. ஒவ்வொன்றுக்கும் புத்தகம் இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? 1980-களின் நடுவில் ரேடியோ, டிவி இரண்டுக்குமே லைசென்ஸ் முறை போய்விட்டது. அது அன்றே போகாமல் இருந்திருந்தால், பின்னாளில் தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச கலர் டிவிக்கும் ஆளுக்கொரு புத்தகம் போட்டிருக்க வேண்டும். இப்போது கம்ப்யூட்டருக்கும் கைப்பேசிக்கும் சேர்த்து!

வெளிநாடுகளுக்கும் இதே சிக்கல் வந்தது. பிரிட்டனில் லைசென்ஸ் இன்னும் இருக்கிறது. ஆனால் அவர்கள் குடத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பிடித்தார்கள். டிவியோ கம்ப்யூட்டரோ போனோ, எதில் பார்த்தாலும் நேரலை ஒளிபரப்புக்கு லைசென்ஸ் வேண்டும். 2016 செப்டம்பர் முதல் பிபிசியின் ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சியைப் பார்க்கவும் வேண்டும். 2025 ஏப்ரலில் வருஷக் கட்டணம் 174.50 பவுண்டு. ஜெர்மனியில் 2007-இல் இன்டர்நெட் கம்ப்யூட்டரையும் கட்டணக் கணக்கில் சேர்த்தார்கள். 2013-இல் பெட்டியை எண்ணுவதையே விட்டுவிட்டு வீட்டுக்கு இவ்வளவு என்று ஆக்கினார்கள். அது ஆயக்கட்டு வழி.

நம்ம நாட்டில் பதில் சுலபம்: கம்ப்யூட்டரில் டிவி பார்க்க வீட்டில் யாரும் லைசென்ஸ் எடுக்க வேண்டாம். 1885, 1933 சட்டங்களின் இடத்துக்குப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023 டிசம்பரில் நிறைவேறியது. ஆனாலும் டிவி பார்க்கிறவரிடம் யாரும் புத்தகம் கேட்டு வருவதில்லை.

அப்படின்னா எல்லாம் இலவசமா? அங்கதான் எனக்கு உறுத்துது.

விவசாயிக்கு ரேடியோ பொழுதுபோக்கு மட்டும் இல்லை. 1960-களின் நடுவில் ஆடுதுறையில் ஏ.டி.டி.-27 என்ற குறுகிய கால நெல் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதைத் தஞ்சாவூர் முழுக்கக் கொண்டு சேர்த்தது. அதற்கு ரேடியோ அரிசி என்றே பெயர் விழுந்துவிட்டது. கடையில் போய் ரேடியோ விதை கொடுன்னு கேட்டாங்களாம். பிறகு சென்னை தூர்தர்ஷனில் வயலும் வாழ்வும் வந்தது. கழனிக்காரனுக்காக நடத்துகிற நிகழ்ச்சியில் சோப்பு விளம்பரக்காரனுக்குப் பெரிய லாபம் கிடையாது. பொதுப்பணம் இருந்தால்தான் அது நடக்கும்.

இன்றைக்கு லைசென்ஸ் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார்கள். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் அந்தப் பதினைந்து ரூபாய் எங்கே, இது எங்கே! இந்தப் பணம் தண்ணீர் சுமந்து வருகிறவருக்குப் போகிறது. ஏரியைத் தூர்வார இதில் தனியாக ஒரு பங்கு கிடையாது. ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் 1997 முதல் பிரசார் பாரதியின் கீழ் இருக்கின்றன. விளம்பர வருமானம் போக மீதியைச் சுமப்பது அரசாங்க கஜானா, அதாவது நம்ம வரிப்பணம். ரசீது மட்டும் கையில் இல்லை.

ரசீது கையில் இல்லாததால் கேள்வியும் கேட்பதில்லை. 15 ரூபாய் கட்டிய தாத்தா, மழை அறிவிப்பு தப்பினால் ரேடியோவைப் பார்த்தே திட்டுவார். காசு கட்டியிருக்கேன், சரியாச் சொல்லுன்னு. இப்போது நாம் யாரைத் திட்டுவது?

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கக் குடவோலை முறை சொன்ன கல்வெட்டு. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது, அவர் உறவினரும் வரக்கூடாது என்று அதில் விதி போட்டிருக்கிறார்கள். குடத்து வரி போனது நல்லதுதான், அது திரும்ப வர வேண்டாம். ஆனால் நம்ம பணத்தில் நடக்கிற ரேடியோவிடமும் டிவியிடமும் கணக்குக் கேட்கிற பழக்கம் அந்தச் சின்னப் புத்தகத்தோடு போயிருக்க வேண்டியதில்லை.