கண்ணிகளின் தேய்மானம்

கண்ணி என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. தலையிற் சூடும் மாலையும் கண்ணி. பறவை பிடிக்கும் வலையும் கண்ணி. ஈரடியாய் வரும் பாடல் உறுப்பும் கண்ணி. சங்கிலியின் ஒற்றை உறுப்பும் கண்ணியே. நாம் இங்கு எடுத்துக்கொள்வது இந்தக் கடைசிப் பொருளை. அதிலும் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியின் கண்ணியை. இலக்கிய வாசகர்க்கு இது அந்நியமான பொருளாகத் தோன்றலாம். ஆயினும் இதன் வரலாற்றினுள் ஒரு சொற்பிழையும், அதனால் விளையும் ஆபத்தும் பொதிந்துள்ளன.

'செயின் நீண்டுவிட்டது' என்பது பட்டறைகளில் வழங்கும் தொடர். ஆங்கிலத்திலும் இதே பொருளில்தான் சொல்கிறார்கள். உண்மையில் இரும்புத் தகடு ரப்பரைப் போல் இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகள் சந்திக்கும் மூட்டில் ஓர் ஆணியும் அதைச் சூழ்ந்த குழலும் ஒன்றன்மீது ஒன்று உரசித் தேய்கின்றன. இரு ஆணிகளுக்கு இடையே 15.875 மி.மீ. தூரம் உள்ள, 110 கண்ணிகள் கொண்ட சங்கிலியின் நீளம் ஏறத்தாழ 1746 மி.மீ. மூட்டுக்கு 0.16 மி.மீ. தேய்ந்தால் போதும், மொத்த நீளம் 17 மி.மீ.க்கு மேல் கூடிவிடும். கண்ணுக்குப் புலப்படாத நூற்றுப்பத்து இழப்புகளின் கூட்டுத்தொகையையே நாம் 'நீட்சி' என்கிறோம்.

சங்கிலியால் விசையைக் கடத்தும் எண்ணம் மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பைசாந்தியத்து ஃபிலோன் விவரித்த, தொடர்ந்து அம்பெய்யும் பொறியில் அது உண்டு. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்தின் கைஃபெங் நகரில் சூ சோங் எழுப்பிய வானியல் கடிகாரக் கோபுரத்தில், 'வான ஏணி' என்று பெயரிட்ட முடிவிலாச் சங்கிலி கருவிகளைச் சுழற்றியது. 1127-இல் அந்நகரைக் கைப்பற்றிய சின் படையினர் அக்கருவியைப் பிரித்து எடுத்துச் சென்றனர். தெற்கே ஒதுங்கிய சோங் அரசு அதனை மீண்டும் செய்ய முயன்றும் இயலவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் லியோனார்டோ டா வின்சி வரைந்த சங்கிலிப் படங்கள் சில மாட்ரிட் நூலகத்தில் இடம் மாறிக் கிடந்து, 1960-களில்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

நவீன சங்கிலியின் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டினது. 1829-இல் பிரான்சின் ஆந்த்ரே கால் காப்புரிமை பெற்ற சங்கிலியில் தகடுகள் நேரே ஆணியின்மீது திரும்பின. மெல்லிய தகட்டு விளிம்பு தாங்கவேண்டிய சுமையோ பெரிது; ஆகவே தேய்மானமும் விரைவு. 1864-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்லேட்டர் துல்லியமான இயக்கச் சங்கிலியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்விட்சர்லாந்தின் ஆராவ் நகரில் 1852-இல் பிறந்து, 1873-இல் இங்கிலாந்து வந்தவர் ஹான்ஸ் ரெனால்ட். அவர் 1879-இல் ஸ்லேட்டரின் தொழிலை விலைக்கு வாங்கி, மறு ஆண்டே புஷ் உருளைச் சங்கிலியைப் படைத்தார். ஆணியைச் சுற்றி 'புஷ்' எனும் குழல். குழலைச் சுற்றி உருளை. சுமை இப்போது குழலின் முழு அகலத்திலும் பரவியது. பல்சக்கரத்தின் பல்லின்மீது உருளை உரசாமல் உருண்டது. ரெனால்ட் தேய்மானத்தை ஒழிக்கவில்லை. அதனைப் பரப்பி மெதுவாக்கினார். இன்று நம் வண்டியில் ஓடுவது அடிப்படையில் அதே அமைப்புத்தான்.

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் தோல் பட்டையே பின்சக்கரத்தைச் சுழற்றியது. மழையில் நனைந்தால் அது வழுக்கும். 1911-இல் மான் தீவின் டி.டி. பந்தயம் முதன்முறையாக மலைப்பாதையில் நடந்தபோது, சங்கிலியும் இரட்டைக் கியரும் கொண்ட அமெரிக்க 'இண்டியன்' வண்டிகள் சீனியர் பிரிவில் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றின. பட்டையின் காலம் அதன்பின் தேயத் தொடங்கியது.

வெற்றி சங்கிலிக்கு, பராமரிப்பின் பாரம் ஓட்டுநருக்கு. பிரிட்டனில் சங்கிலியைக் கழற்றிக் கழுவி, கிராஃபைட் கலந்த கிரீஸை அடுப்பில் உருக்கி அதில் ஊறவைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. எண்ணெய் வெளியே வழிந்தால் போதாது, ஆணிக்கும் குழலுக்கும் நடுவே புகவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 1969-இல் வந்த ஹோண்டா சிபி750 போன்ற வலிய வண்டிகள் இச்சிக்கலைக் கடுமையாக்கின. அதன் தொடக்ககால வண்டிகளில் சங்கிலிக்கு எண்ணெய் விடும் ஏற்பாடு என்ஜினோடே இருந்தும், சங்கிலி அறுந்து என்ஜின் கூட்டை உடைத்ததுண்டு. 1970-களில் பரவிய ஓ-ரிங் சங்கிலி, தகடுகளுக்கிடையே ரப்பர் வளையம் வைத்து, கிரீஸை மூட்டினுள்ளேயே அடைத்துக்காத்தது.

இனி அந்தச் சொற்பிழைக்கு வருவோம். 'நீண்டுவிட்டது' என்று சொன்னால், 'வெட்டிக் குறுக்கு' என்பதே இயல்பான மருந்தாகிறது. இரண்டு கண்ணிகளை எடுத்துவிட்டு அதே சங்கிலியை மாட்டுவது நாம் பலரும் கண்டதே. மொத்த நீளம் குறையும். எஞ்சிய ஒவ்வொரு மூட்டின் தேய்மானமும் அப்படியே இருக்கும். கண்ணியின் இடைவெளியும் பல்லின் இடைவெளியும் பொருந்தாமையால், பற்கள் கொக்கிபோல் வளைந்து கூர்மையாகும். சங்கிலி பல் தாண்டும். ஓட்டத்தில் அது அறுந்து பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவரின் உயிருக்கே உலை.

'தேய்ந்துவிட்டது' என்று சொன்னால் செய்யவேண்டியவை வேறு. பின்பல்சக்கரத்தின் பின்புறம் சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்க்கவேண்டும். பாதிப் பல் தெரியுமளவு விலகினால் அதன் ஆயுள் முடிந்தது. அப்போது சங்கிலியையும் இரு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுவது முறை. ஆயுள் முடியாத சங்கிலிக்கு அளவான தொய்வு தேவை. பல வண்டிகளுக்கு அது 25 முதல் 35 மி.மீ. வரை. மிகை இறுக்கமும் மூட்டுகளை விரைந்து தேய்க்கும். ஓ-ரிங் சங்கிலியைப் பெட்ரோலிலோ கம்பித் தூரிகையாலோ கழுவினால் வளையங்கள் கெடும். மண்ணெண்ணெயும் மென்தூரிகையும் போதும். ஓடி வந்த வண்டியின் இளஞ்சூடு ஆறுமுன், என்ஜினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றிச் சங்கிலியின் உட்புறத்தில் எண்ணெய் இடவேண்டும்.

ரெனால்டின் பெயர் தாங்கிய நிறுவனம் 2008-இல் கோயம்புத்தூரின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. 'ரோலான்' என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் சங்கிலிகள் செய்து புகழ்பெற்றது அந்தக் கோவை நிறுவனம். ஆக, இக்கதையின் ஒரு கண்ணி நம் ஊரிலும் கோக்கப்பட்டிருக்கிறது. சங்கிலி செய்யத் தெரிந்த நாம் அதன் நோய்க்கு உரிய பெயரையும் வழங்கலாம். 'தேய்ந்தது' என்று சொல்லப் பழகினால், பழுதுபார்ப்பவரின் கை கண்ணியை வெட்டும் கருவியைத் தேடாது, அளவுகோலைத் தேடும்.