தண்ணித் தொட்டிக்குக் குடிவந்த மரத்தவளை

மரத்தவளையைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பது கொங்கு நாட்டு வழக்கமல்ல. அதுவாகவே வீட்டுக்குள் வந்துவிடும்.

1830இல் ஜான் எட்வர்ட் கிரே அறிவியல் பெயர் சூட்டிய புள்ளி மரத்தவளைக்குக் கோவை வட்டாரத்துக் கிணற்றடிகள் தோதான இடம். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் ஈரக் கற்சுவர் இருந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து பம்புசெட் ஏறியபின் மோட்டார் ரூமும் தொட்டியும் கிடைத்தன. மழை பிடித்ததும் பெண் தவளை தன் உடலில் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் கடைந்து நுரையாக்கி, நீருக்கு மேலே சுவரில் அப்பி, அதற்குள் முட்டையிடும். வெளிப்புறம் காய்ந்து பொருக்காகும். உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நழுவித் தொட்டிக்குள் விழும். அழுக்கென்று அந்த நுரையை விளக்குமாற்றால் தள்ளினால் ஒரு தலைமுறையே போயிற்று.

மலைக்காட்டு உறவினர்களின் கதை வேறு. வால்பாறை பக்கம் ஆண்டிப்பாறைச் சோலையில் கிடைத்த பச்சைப் பறக்கும் தவளையை, புதிய இனம் என்று கார்த்திகேயன் வாசுதேவனும் சுசில் குமார் தத்தாவும் 2000இல்தான் அறிவித்தார்கள். சரணாலயக் காட்டில் அதைப் பிடிப்பது குற்றம்.

வீட்டுத் தவளைக்கு வேண்டியதும் அதிகமில்லை. தோல் வழியாகவே நீரை உறிஞ்சுவதால் சோப்புக் கையோடு தொடாமலும், தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டாமலும் இருந்தால் போதும். பூச்சியை அதுவே பிடித்துக்கொள்ளும்.