வெயில் காப்பு மாத்திரைகளின் வரலாறு

வெயில் காப்பு மாத்திரைகள் என்பவை, சூரியனின் புறஊதாக் கதிர்களால் தோலுக்கு நேரும் பாதிப்பைக் குறைக்கும் என்று சொல்லி விற்கப்படும் ஊட்டச்சத்து மாத்திரைகள். பீட்டா கரோட்டின், நிக்கோட்டினமைடு (வைட்டமின் பி3) ஆகியவை இவற்றில் முக்கியமானவை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் கட்டுமானம், சரக்கு ஏற்றுதல், வாயிற்காவல் போன்ற வேலைகளை வெயிலில் நின்று செய்வோருக்கு இந்த வரலாறு பயன்படக்கூடியது.

தோற்றம்

கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை ஆகியவற்றில் உள்ள நிறமி பீட்டா கரோட்டின். கடும் ஒளியால் இலை பழுதாகாமல் காப்பது தாவரத்தில் இதன் பணிகளுள் ஒன்று. 1970இல் அமெரிக்க மருத்துவர் மிக்கலின் மேத்யூஸ்-ராத், வெயில் பட்டாலே தோல் எரியும் ஓர் அரிய பரம்பரை நோய்க்கு இதைக் கொடுத்துப் பலன் கண்டார். 1975இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்நோய்க்கு இதனை மருந்தாக ஏற்றது. அரிய நோயாளிகளுக்குக் கிடைத்த பலன் எல்லோருக்கும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு வளர்ந்தது.

சோதனைகள்

ஆஸ்திரேலியாவின் நாம்பர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் இந்த எதிர்பார்ப்பு சோதிக்கப்பட்டது. நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் ஒருவகைத் தோல் புற்றுக்கட்டிகள் சுமார் 40 விழுக்காடு குறைந்தன. பீட்டா கரோட்டின் மாத்திரையால் பலன் இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. இம்மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், முன்பே தோல் புற்றுநோய் கண்டவர்களிடம் நிக்கோட்டினமைடு புதிய புற்றுகளை 23 விழுக்காடு குறைத்தது. மாத்திரையை நிறுத்தியதும் அப்பலன் நீடிக்கவில்லை.

தமிழ்நாட்டில்

பீட்டா கரோட்டினுக்குத் தமிழ்நாட்டில் வேறொரு வரலாறு உண்டு. சென்னை முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி. வி. சேஷாத்ரி, இச்சத்து நிறைந்த சுருள்பாசியைக் கிராமங்களிலேயே வளர்க்கும் எளிய முறைகளை உருவாக்கினார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை வட்டாரத்தில் சுமார் 5,000 சிறு குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் சுருள்பாசி தரப்பட்டது. வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் தோன்றும் பிட்டாட் புள்ளிகள் பெரிதும் குறைந்தன. அங்கே குறைவாக இருந்த சத்து ஈடுசெய்யப்பட்டது. அதனால் பலன் கிடைத்தது. குறைவில்லாத உடலில் கூடுதலாகச் சேர்க்கும் சத்து வெயிலுக்குத் திரையாகவில்லை.

சட்டமும் இன்றைய நிலையும்

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, இத்தகைய மாத்திரைகளின் உறையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்ற பொருளுடைய வாசகம் இருக்க வேண்டும். 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், சன்ஸ்கிரீனுக்கு மாற்றாகும் மாத்திரை எதுவும் இல்லை என எச்சரித்தது.

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மாத்திரை வெப்பத்தையும் தணிப்பதில்லை. நிழல், முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, குடிநீர், உச்சிவேளை ஓய்வு ஆகியவையே வெயிலில் உழைப்போருக்கு உறுதியான காப்பு. இவற்றுள் பலவற்றைத் தொழிலாளி தனியாக அமைத்துக்கொள்ள முடியாது. வேலையளிப்பவரே ஏற்பாடு செய்ய வேண்டும்.